திரை இந்தப் பக்கம், லேப்டாப் அந்தப் பக்கம்

1. போனில் வந்த நோய்

"பாய், என் லேப்டாப் மத்தியானம் ஆனா மயங்கி விழுந்துருது" என்றது போனில் ஒரு பெண் குரல். பின்னால் கைக்குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது.

சிவகாசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. குண்டு மானிட்டர் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி, "லேப்டாப்புல ரெண்டு மானிட்டர் மாட்டுனா சூடு ஏறுதே, என்ன செய்ய?" என்பதுதான். அதற்கு உண்டான பதிலை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடலாம். அந்தப் பதிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு வீட்டுக்குப் போய், பாதி வேலை பார்த்துவிட்டு, முழு வேலையும் முடிந்ததாக நினைத்துத் திரும்பி வந்தேன். அதைச் சொன்னால்தான் மீதி விளங்கும்.

போனில் பேசிய பெண்ணின் பெயர் ஜெனிபர். அச்சாபீஸ் ஒன்றில் டிசைனர். பட்டாசுப் பெட்டிக்கு மேலே ஒட்டுகிற லேபிள்களை வரைகிற வேலை. பிரசவத்துக்கு விஸ்வநத்தத்தில் இருக்கிற தாய்வீட்டுக்கு வந்தவள், பிள்ளை பால்குடி மறக்கும்வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். கம்பெனியும் சரியென்று ஒரு லேப்டாப்பும் இரண்டு மானிட்டரும் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

"வைரஸா இருக்குமோ பாய்?"

"வைரஸ் மத்தியானம் பாத்து வராதும்மா."

"இல்ல, பேட்டரிய மாத்துனா சரியாயிரும்னு ஒருத்தர் சொன்னாரு."

வாடிக்கையாளர் நோயைச் சொல்லலாம், வைத்தியத்தைச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. அதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை.

"நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க பாய், வந்து பாத்துருங்க. ரெண்டு தடவ பைல் லேட்டாயிருச்சு. இனி ஒரு தடவ ஆனா மிசினையும் மானிட்டரையும் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுல இருன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ஆபீஸுக்கு வான்னாலும் என்னால போக முடியாது. இவ பாட்டில் வச்சா துப்புறா."

இவள் என்றது பின்னால் அழுதுகொண்டிருந்த மகளை. நான் அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதைக்கூடப் பார்க்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

2. பெட்டிக்குள் லேப்டாப்

வீட்டின் முன்னறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே நுழைந்ததுமே உச்சந்தலையில் சூடு இறங்கியது. குறுக்கே போன இரும்புக் குழாயில் தொட்டில் கட்டியிருந்தது. தொட்டிலை ஆட்டுகிற கயிறு மேசைக் காலில் கிடந்தது. மேசைமேல் இரண்டு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், லேபிள் சாம்பிள்கள். லேப்டாப்பை மட்டும் காணோம்.

"மிசின் எங்கம்மா?"

"இந்தா, இதுக்குள்ள பாய்."

மேசைக்குக் கீழே ஒரு பிளைவுட் பெட்டி இருந்தது. மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, நான்கு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கியிருந்தது. வயர் போகிற ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்திருந்தது. உள்ளே எரிகிற சின்ன விளக்கைப் பார்க்க ஒரு கண்ணாடித் துண்டுகூடப் பதித்திருந்தார்கள். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. கொக்கியைத் தூக்கி மூடியைத் திறந்தேன். இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி முகத்தில் சூடு அடித்தது. உள்ளே லேப்டாப் மூடிய நிலையில் படுத்திருந்தது.

"இது யார் செஞ்ச வேல?"

"நாந்தான் பாய்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமிருந்து ஒருவர் வந்தார். ஜெனிபரின் அப்பா அந்தோணி. பயராபீஸில் போர்மேன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆள் ஒல்லி, பேச்சு குறைவு. "வாங்க, உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, எதுக்கு இப்பிடி அடச்சு வச்சிருக்கீக?"

"ஆபீஸ்ல சுவிட்ச எப்பிடி வப்போம்னு உங்களுக்குத் தெரியாததா? காத்து, தூசி ஒண்ணும் உள்ள போகக் கூடாது, பொறி ஒண்ணும் வெளிய வரக் கூடாது. ரப்பர் வச்சு அடச்சுத்தான் வப்போம். இது அம்புட்டு விலை சாமான். கம்பெனிச் சொத்து வேற."

"சுவிட்ச் மூச்சு விடாது அண்ணாச்சி. லேப்டாப் மூச்சு விடும். நீங்க அது மூக்கப் பொத்தி வச்சிருக்கீக."

ஜெனிபர் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

இங்கே தொழில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பின் சொந்தத் திரை மட்டும் ஓடும்போது அதற்குள்ளே இருக்கிற சின்ன கிராபிக்ஸ் சிப்பே பெரும்பாலும் போதும். வெளியே மானிட்டரை மாட்டினால் நிறைய மாடல்களில் பெரிய சிப் விழித்துக்கொள்ளும். நாம் ஒரு வேலையும் கொடுக்காமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது தூங்காது. மானிட்டர் இரண்டாகி, டிசைன் சாப்ட்வேரும் ஓடி, சார்ஜரும் நாள் முழுக்கச் செருகியே இருந்தால் சூடு நாலு பக்கமும் ஏறும். அந்தச் சூடு ஒரு எல்லைக்குப் போனால் லேப்டாப் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் பத்தாவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். ஜெனிபர் மயக்கம் என்று சொன்னது இதைத்தான். கூரையும் சுட்டு, பெட்டியும் மூடியிருந்தால் மத்தியானம் மயங்காமல் என்ன செய்யும்?

பெட்டியிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். டார்ச் அடித்துக் காற்றுத் துளைகளைப் பார்த்தேன். புது மிசின் மாதிரி சுத்தமாக இருந்தது. அதனால் அடி மூடியைக் கழற்றவில்லை. கொண்டுபோயிருந்த ஸ்டாண்டில் பின்பக்கம் உயரமாக வைத்து, மூடியைத் திறந்துவிட்டேன். கீபோர்டு வழியாகவும் மூச்சு விடுகிற மாடல் அது. மானிட்டர் இரண்டும் நூறு ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு நூறு தடவை படத்தைப் புதுப்பித்தபடி, ஓடிக்கொண்டிருந்தன. லேபிள் வரைவதற்கு அது எதற்கு? அறுபதுக்கு இறக்கினேன். பவர் செட்டிங்கில் புராசஸரின் அதிகபட்சத்தைத் தொண்ணூற்றொன்பது சதவீதமாக்கினேன். ஒரு சதவீதம்தானே என்று பார்த்தால், அதைக் குறைத்தாலே டர்போ வேகம் நின்று சூடு பாதியாக இறங்கின மாதிரி தெரியும். பேட்டரி எண்பதுக்கு மேல் ஏறாமல் நிறுத்தினேன்.

"பெட்டி இருக்கட்டும் பாய். வேணும்னா ஓட்டை போட்டுத் தர்றேன்" என்றார் அந்தோணி.

"பெட்டியே வேண்டாம் அண்ணாச்சி."

"தூசி போகுமே."

"போனா நான் தட்டித் தர்றேன். என் தொழில் அதுதான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மகளைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். மனிதர் செய்த பொருளைக் குறை சொன்னதில் வருத்தம்போல என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது வலது பக்க மானிட்டரின் கீழ்மூலையில் ஒரு விரல் அடையாளம் வெள்ளியாக மின்னியது. மேசையில் கிடந்த லேபிள்களில் சில்வர் அச்சடித்தவையும் இருந்தன. அதுதான் ஒட்டியிருக்கும் என்று துணியால் துடைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் போன் பண்ணிக் கேட்டேன். "ஓடுது பாய், சத்தமே இல்ல" என்றாள் ஜெனிபர். நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

3. திரும்பி வந்தது

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை அந்தோணி கடை வாசலில் நின்றார். துண்டில் சுற்றிப் பிள்ளையைத் தூக்கிவருவதுபோல லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். வேலையிலிருந்து அரைநாளில் வீட்டுக்குப் போய், அப்படியே இதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"நேத்திலருந்து சத்தம் போட்டுச்சு. இன்னைக்கு ஆன் ஆகவே இல்ல" என்றார்.

அவர் பேசி முடிப்பதற்குள் என் போன் அடித்தது. ஜெனிபர்.

"பாய், அப்பா வந்துட்டாகளா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தீபாவளி லேபிள் பூராவும் அனுப்பணும் பாய். திங்கக்கிழம காலைல அச்சுக்குப் பிளேட் போடுறாக. மேனேஜர் இப்பத்தான் பேசுனாரு. 'இந்தத் தடவயும் கதை சொன்னீங்கன்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேம்மா, சீசன் நேரத்துல என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது'ன்னு சொல்லிட்டாரு. அவரத் தப்பு சொல்லவும் முடியல. பைல் பாதி இந்த மிசினுக்குள்ளதான் கெடக்கு."

"அழாதம்மா. மிசின் என் கையில இருக்கு" என்றேன். அவள் அழவில்லை என்று மறுத்தாள். குரல் வேறு மாதிரி சொன்னது.

அடி மூடியின் திருகுகளைக் கழற்றித் தூக்கினேன். தூசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அச்சாபீஸ் லேப்டாப் என்றால் மாவு மாதிரி வெள்ளைப் பவுடர், பஞ்சுமில் என்றால் நூல் பிசிறு, வீடு என்றால் சாம்பல் நிறத்தில் ஒட்டடை. இது எதுவும் இல்லை. உள்ளே காற்றைத் தள்ளுகிற பேன் இறக்கைகளிலும், காற்று வெளியேறுகிற சீப்பு போன்ற தகட்டிலும், போர்டின் மேலும் வெள்ளி பூசியிருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளவென்று மின்னியது.

வழக்கமாக என் கை தூசியை ஊதித் தள்ளுகிற புளோயருக்குத்தான் போகும். அன்று போகவில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அந்த வெள்ளியைத் தெரியாதவன் யார்? புஸ்வாணம் என்று மற்றவர்கள் சொல்கிற பூச்சட்டியிலும், சக்கரத்திலும் வெளிச்சம் வருவதற்குப் போடுகிற அலுமினியப் பவுடர். அதைக் காற்றில் ஊதிக் கிளப்பினால் ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். அதைவிட, அது உலோகம். மின்சாரத்தைக் கடத்தும். சாதாரணத் தூசி சூட்டை அடைக்கும், அவ்வளவுதான். இது சூட்டையும் அடைக்கும், போர்டில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துவைத்து ஷார்ட்டும் ஆக்கும்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிர் ஸ்டூலில் அந்தோணி உட்கார்ந்திருந்தார். அவருடைய காது மடலுக்குப் பின்னால் அதே வெள்ளி மின்னியது.

"அண்ணாச்சி, இதுக்குத்தான் பெட்டி செஞ்சீகளா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"மக முன்னால எப்பிடிச் சொல்ல?"

பிறகு அவரே விவரத்தைச் சொன்னார். பயராபீஸில் வேலை முடிந்ததும் தொட்டியில் குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். வரிசையில் நின்று குளித்து வந்தால் கம்பெனி வேன் போய்விடும். அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் பேத்தி தூங்கிவிடுவாள். ஆகவே சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வேனில் ஏறிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் கையை மட்டும் கழுவிவிட்டுத் தொட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு கையில் தொட்டில் கயிறு. எதிரே மகள் மானிட்டரில் படம் வரைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"அந்த நேரந்தான் பாய் எனக்கு ஒரு நாள்ங்கிறது. மத்தது பூராவும் பட்டாசு மருந்துக் கணக்கு எழுதுற சோலிதான். மிசினுக்குள்ள போயிறக் கூடாதுன்னுதான் பெட்டி செஞ்சேன். நீங்க எடுத்துட்டீக. ஏன் வேணும்னு கேட்டா என்ன சொல்ல? இத அவகிட்டச் சொல்லிராதீக. சொன்னா பிள்ளயத் தூக்கிட்டு மாமியா வீட்டுக்குப் போயிருவா."

எனக்கு அவர் மேல் பரிதாபமும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"அண்ணாச்சி, லேப்டாப்புக்கு ரப்பர் வச்சுப் பெட்டி செஞ்சீக. தொட்டிலுக்கு என்ன செஞ்சீக?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தில் துண்டு மின்னியது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?" என்று கேட்டேன்.

"நானே சொல்றேன்" என்றார்.

4. சுவரில் ஒரு ஓட்டை

முதலில் மிசின். பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டுப் போர்டைத் துடைத்தேன். பிரஷ்ஷைத் துடைத்த துணியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டேன். பேன் கழுத்து இறுகிப் போயிருந்தது, புதுசு மாட்டினேன். சிப்பின் மேல் சூட்டைக் கடத்துகிற பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புது பேஸ்ட் வைத்தேன். பவர் வரும் பாதையில் ஒரு சின்னப் பாகம் கருகியிருந்தது, அதை மாற்றினேன். அந்தோணி நகரவே இல்லை. சுவிட்சை அழுத்தியதும் திரையில் வெளிச்சம் வந்தது. கீழே ஜெனிபரின் பைல்கள் அப்படியே இருந்தன. எனக்கே மூச்சு வந்தது. இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கடைக்காரன் முகத்தில் நிம்மதி தெரிந்தால் அதுவரை அவனுக்குப் பயம் இருந்தது தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தம் போனேன். முன்னறை கழுவித் துடைத்திருந்தது. தொட்டில் சேலை புதிதாக மாறியிருந்தது. ஆகவே அந்தோணி சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. ஆனால் அவரை உள்ளே காணவில்லை. வேப்பமரத்தடியில் வெளியே உட்கார்ந்திருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போய் வந்த கோலம்.

"ராத்திரிலருந்து அங்கனதான் இருக்காக பாய், கோயிலுக்குப் போயிட்டு வந்தும் அங்கனதான். உள்ள வரமாட்டேங்குறாக" என்றாள் ஜெனிபர். கண் வீங்கியிருந்தது. "சொன்னதும் எனக்குக் கோவம் வந்துச்சு, இல்லங்கல. இவ மூஞ்சியத் தடவி என் கையப் பாத்தேன். பாக்காம இருக்க முடியுமா? ஆனா நான் எங்கயும் போறேன்னு சொல்லலயே. குளிச்சிட்டு வாங்கன்னுதான சொன்னேன். பஸ்ஸுல வந்தா இவ தூங்கிருவாளாம். இவள மத்தியானம் கூடக் கொஞ்ச நேரம் தூங்கப் போட்டா ராத்திரி முழிச்சுக்கிட்டு இருக்கப் போறா. இதுக்கா இம்புட்டு நாளு மறைக்கிறது?"

அந்தோணிக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். அவர் வாசல் வரை வந்தார். உள்ளே காலை வைக்கவில்லை.

"முடி பூரா அதுதான் கெடக்கும் பாய். எம்புட்டுக் குளிச்சாலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மறுபடி மிசினுக்குள்ள போயி அவ வேல போச்சுன்னா? நான் இங்கனயே இருந்துக்கிறேன். இல்ல, அந்தப் பெட்டிய மறுபடி வைங்க."

பெட்டிக்குள் வைத்தால் சூட்டில் சாகும். வெளியே வைத்தால் இவர் வீட்டுக்குள் வரமாட்டார். இதற்கு நடுவே சாயங்காலத்துக்குள் பைல் போக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மறுபடி சுட ஆரம்பித்துவிட்டது.

"அண்ணாச்சி, மருந்து ரூமுக்குள்ள வெளிச்சம் வேணும்னா என்ன செய்வீக?" என்று கேட்டேன்.

"ரூமுக்குள்ள லைட்டு போடக் கூடாது. ஜன்னலுக்கு வெளிய லைட்டு இருக்கும். கண்ணாடி வழியா வெளிச்சம் மட்டும் உள்ள வரும்."

"அப்புறம் இங்க மட்டும் ஏன் லேப்டாப் இந்த ரூமுக்குள்ளயே கெடக்கணும்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே இருந்த சுவரைப் பார்த்தார்.

சூட்டைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது இதைத்தான். வெளி மானிட்டரும் தனிக் கீபோர்டும் மாட்டிய பிறகு லேப்டாப் நம் கண் முன்னால் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நமக்கு வேண்டியது திரை. சுடுகிற சாமான் குளிர்ச்சியான இடத்தில், சுத்தமான இடத்தில் எங்காவது இருந்துகொள்ளட்டும். ஜெனிபருக்குத் தொட்டில் முன்னறையில். ஆகவே திரை முன்னறையில் இருந்தாக வேண்டும். உள்ளறைக்குக் கான்கிரீட் தளம், வடக்குப் பார்த்த ஜன்னல், நிழல். அரிசி மூட்டையும் மடித்த துணியும் வைக்கிற அறை, மற்றபடி யாரும் போவதில்லை.

அந்தோணியே கடப்பாரையும் உளியும் எடுத்துவந்து சுவரில் ஓட்டை போட்டார். வேலை என்று வந்ததும் வாசலைத் தாண்டியதை அவர் கவனிக்கவில்லை. ஜெனிபர் கவனித்து, என்னைப் பார்த்துக் கண்ணால் சும்மா இருக்கச் சொன்னாள். நீளமான எச்டிஎம்ஐ கேபிள் இரண்டும், கீபோர்டுக்கும் மவுசுக்கும் ஒரு யுஎஸ்பி வயரும் அந்த ஓட்டை வழியாகப் போயின. உள்ளறையில் சுவர்ப்பலகை மேல் ஸ்டாண்டு போட்டு லேப்டாப்பைத் திறந்தபடி வைத்தேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். ஓட்டையில் வயரைச் சுற்றி மிச்சமிருந்த இடத்தைத் தன் பழைய பெட்டியிலிருந்து உரித்த ரப்பர் பட்டையால் அந்தோணி அடைத்தார். இந்தத் தடவை ரப்பர் சரியான இடத்துக்குப் போனது.

மத்தியானம் கூரை கொதித்தபோது உள்ளறைக்குப் போய் லேப்டாப்பின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். கை பொறுக்கிற சூடுதான். பேன் சத்தமும் தொட்டில் பக்கம் கேட்கவில்லை. ஜெனிபர் ஒரு காலால் தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டே இரண்டு திரையிலும் வேலை பார்த்தாள். இடது பக்கம் படம், வலது பக்கம் நிறங்களும் எழுத்தும். நான் போயிருக்கலாம். கடைசி பைல் ஏறுகிறவரை போக மனம் வரவில்லை. இருட்டுவதற்கு முன்னால் ஏறி முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் பேசினார். ஸ்பீக்கரில் போட்டாள். "வந்துருச்சும்மா. கலர் எல்லாம் சரியா இருக்கு. புதன்கெழம அடுத்த ஆர்டர் தர்றேன், ஒங்க பாப்பா எப்படி இருக்கா?" என்றார். நல்ல வார்த்தைக்கு இந்தச் சீசன் நேரத்தில் அதற்குமேல் யாரும் நேரம் ஒதுக்கமாட்டார்கள். ஜெனிபர் போனை வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தெரிந்ததால் நான் வயரைச் சுருட்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

5. இப்போது நான் கேட்பது

அதற்குப் பிறகு சூடு என்று யார் போன் பண்ணினாலும் நான் முதலில் மாடல் என்ன என்று கேட்பதில்லை. லேப்டாப் எந்த அறையில் இருக்கிறது, கூரை என்ன, பக்கத்தில் யார் உட்காருவார்கள், அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறேன். "பாய், நான் பொண்ணு பாக்கவா கூப்பிட்டேன்?" என்று ஒருவர் கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும். ஹெர்ட்ஸைக் குறைக்கவும் டர்போவை நிறுத்தவும் எந்த வீடியோவைப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம். மிசினுக்குள் போகிற காற்று எந்த வீட்டுக் காற்று என்பதை அந்த வீட்டில்தான் கேட்டாக வேண்டும். நான் முதல் நாள் துளையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது, சரியென்று வந்துவிட்டேன். ஏன் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் அழுக்கைப் பார்த்து மட்டுமல்ல, அழுக்கு இல்லாததைப் பார்த்தும் கேள்வி கேட்க வேண்டும்.

தீபாவளிக்கு முன்னால் நாரணாபுரத்தில் ஒரு வேலை முடித்துத் திரும்பும்போது, பேன் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அந்த வீட்டில் வண்டியை நிறுத்தினேன். உள்ளறையில் லேப்டாப்பின் காற்றுத் துளையில் டார்ச் அடித்தேன். வெறும் வீட்டுத் தூசி கொஞ்சம் இருந்தது, வெள்ளி இல்லை. நான் முன்னறைக்கு வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தோணி வந்துகொண்டிருந்தார். வாசலில் வாளித் தண்ணீரில் காலைக் கழுவி, கொடியில் தொங்கிய துவைத்த துண்டால் தலையை இன்னொரு முறை துவட்டி, பிறகு உள்ளே வந்தார். பேத்தி முழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவரைப் பார்த்ததும் தொட்டிலுக்குள் கையைக் காலை உதைத்தாள்.

அவர் தன் நாற்காலியைத் தொட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ஜெனிபர் வரைந்த பூச்சட்டி லேபிள் ஒன்று நின்றது. பொறி பெட்டியின் மேல்விளிம்பு வரை சிதறிப் போயிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க பூச்சட்டி இம்புட்டு உசரம் போகாது பாப்பா."

"லேபிள்ல போகும்ப்பா" என்றாள் அவள்.

"இல்ல, இந்தா, இங்கன வரைக்குந்தான் போகும்" என்று எழுந்து, வலது பக்க மானிட்டரின் கீழ்மூலையிலிருந்து ஒரு சாண் அளந்து விரலை வைத்துக் காட்டினார். ஜெனிபர் படத்தை அவர் சொன்ன உயரத்துக்குக் குறைத்தாள். அவர் விரலை எடுத்தபிறகு நான் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். திரையில் முதல் நாள் பார்த்த வெள்ளி அடையாளம் இல்லை.